ஐ.சி.யூ. பம்புகளுக்கு டேக் ஒட்டிய அனுபவம்

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவில் இருக்கிறேன். நோயாளிக்கு மருந்தை அளவாக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப், சிரிஞ்ச் பம்ப், அப்புறம் வீல்சேர் எல்லாவற்றுக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. டேக், அதாவது ரேடியோ அலை மூலம் ரீடர் கருவிக்குத் தன் எண்ணைச் சொல்லும் அடையாள வில்லை, ஒட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் தொல்லை எல்லா ஆஸ்பத்திரியிலும் உள்ளதுதான். காலிப்ரேஷன் (அளவு சரியா என்று சோதிப்பது) தேதி வந்த பம்ப் மூன்றாவது மாடியில் இருப்பதாகப் பதிவேடு சொல்லும். போய்ப் பார்த்தால் இருக்காது. மருத்துவமனைத் தரத்துக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எச். ஆய்வு நெருங்கும்போது வார்டு வார்டாக அலைய வேண்டும்.

டேக்கில் பேட்டரி உள்ளது, இல்லாதது என இரண்டு வகை. பேட்டரி உள்ளது தானே சிக்னல் அனுப்பும், விலையும் அதிகம். நாங்கள் பேட்டரி இல்லாததை எடுத்தோம். நாங்குநேரி டோல்கேட்டில் கார் கண்ணாடியிலிருந்து படிக்கிறார்களே, அந்த ஃபாஸ்டேக்கும் இந்த வகைதான். ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே சக்தி எடுத்துப் பதில் சொல்லும். அதனால் ரீடருக்குக் கிட்டே வந்தால்தான் படிக்கும். ரீடர் வாசலில் இருப்பதால் வாசலைத் தாண்டியது தெரியும், உள்ளே எந்தக் கட்டில் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. இதை நிர்வாகத்திடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேப்பில் புள்ளி நகரும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

டெமோவுக்கு வந்தவர் கொண்டுவந்த ரீடர் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் அமெரிக்க மாடல். இந்தியாவில் இதற்கு லைசென்ஸ் இல்லாமல் அனுமதி உள்ளது 865 முதல் 868 வரைதான். 902க்கு மேலே ஒரு பகுதி செல்போன் கம்பெனிகளின் அலைவரிசை. "அதெல்லாம் யாரும் பார்க்கமாட்டாங்க சார்" என்றார். திருப்பி அனுப்பிவிட்டோம்.

அப்புறம் இரும்பும் தண்ணீரும். சாதாரண ஸ்டிக்கர் டேக்கை வீல்சேர் குழாயில் ஒட்டினால் ரீடருக்குத் தெரியவே தெரியாது. இரும்பில் ஒட்டுவதற்கென்றே தடித்த டேக் தனியாக உண்டு, விலை பல மடங்கு. பம்புக்குப் பிளாஸ்டிக் உடல் என்பதால் சாதாரண டேக்கே போதும். ஆனால் சலைன் பாட்டில் அதை மறைத்துத் தொங்கினால் தண்ணீர் அலையை விழுங்கிவிடும். அதனால் பாட்டில் மறைக்காத பக்கமாகப் பார்த்து ஒட்டினோம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்து ஓரம் பெயர்ந்துவரும். வாங்கும்போதே துடைத்துப் பாருங்கள்.

ஐ.சி.யூ. டாக்டர் ஒருவர் 2008இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஆய்வை எடுத்துவைத்தார். 41 கருவிகளுக்குப் பக்கத்தில் ரீடரை வைத்து 123 சோதனை செய்ததில் 34 முறை கருவி தடுமாறியிருக்கிறது. அவற்றில் 22 ஆபத்தானவை. டாக்டர் கேட்டது நியாயம்தான். நோயாளிக்கு மாட்டாத பம்ப், வென்டிலேட்டர், மானிட்டர் ஒவ்வொன்றையும் ரீடருக்கு அருகில் ஓடவிட்டுப் பார்த்தோம். ஆன்டெனாவைக் கட்டில்களைவிட்டு விலக்கி வாசல் நிலைக்கு மேலே மாட்டி, பவரைக் குறைத்தோம். கையில் பிடிக்கும் ரீடரை ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று எழுதியே ஒட்டினோம்.

இதெல்லாம் கூடச் சுலபம். சிஸ்டர்களைச் சம்மதிக்கவைத்ததுதான் பெரும்பாடு. "ஏன் சார், நாங்க எத்தனை மணிக்கு எங்க போறோம்னு பார்க்கவா இது?" என்று இன்சார்ஜ் சிஸ்டர் நேருக்கு நேர் கேட்டார். அந்தச் சமயம் பார்த்து நிர்வாகத்தில் ஒருவர், ஊழியர் ஐடி கார்டிலும் டேக் போடலாமே என்றார். வேண்டாம், பொருளோடு நிறுத்திக்கொள்வோம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அன்று விட்டுக்கொடுத்திருந்தால் அடுத்த வாரமே பாதி டேக் குப்பைத்தொட்டியில் கிடந்திருக்கும்.

டேக் ஒட்டிய பிறகு தெரிந்தது, பம்ப் எதுவும் தொலையவில்லை. ஐ.சி.யூ. வாசல் வழியே உள்ளே போனது பதிவாகியிருக்கும், வெளியே வந்த பதிவு இருக்காது. பெட்ஷீட் வைக்கும் அலமாரியைத் திறந்தால் போர்வைக்கு அடியில் இருக்கும். நைட் ஷிப்டில் திடீரென்று கேஸ் வந்தால் வேறு வார்டிலிருந்து பம்ப் கிடைக்காது, அந்தப் பயத்தில் ஒளித்துவைக்கிறார்கள். அவர்களைத் திட்டி என்ன செய்ய? துடைத்து, சார்ஜ் ஏற்றிய பம்புகளைக் கீழ்த்தளத்தில் ஓர் அறையில் வைத்தோம். போன் செய்தால் ராத்திரியிலும் வார்டுபாய் கொண்டுவந்து தருவார். சொன்னபடி வருகிறது என்று நம்பிக்கை வர நாளானது. வந்ததும் அலமாரி தானாகக் காலியானது.

வீல்சேர்தான் இன்னும் அடங்கவில்லை. வெளிவாசல் ரீடர் கூவினால் வாட்ச்மேன் அண்ணாச்சி எழுந்து ஆட்டோ ஸ்டாண்டு வரை போய்த் தள்ளிக்கொண்டு வருகிறார். பெரும்பாலும் ஆச்சியையோ தாத்தாவையோ ஆட்டோவில் ஏற்றிவிட்டு அப்படியே விட்டுப்போனதாக இருக்கும். அதற்கு ரீடர் என்ன செய்யும்? வாசலில் ஓர் ஆள் கூடுதலாகக் கேட்டிருக்கிறோம்.