காலை உணவும் ஒற்றெழுத்தும்: ஓர் ஈராசிரியர் பள்ளியின் முதல் ஆண்டு

காவிரிப் படுகையின் கடைமடைப் பகுதியில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் தலைமையாசிரியராகப் பணியாற்றுகிறேன். காலை உணவு எங்களிடம் வந்த 2023-24 கல்வி ஆண்டில் 43 குழந்தைகள் இருந்தார்கள். என்னையும் சேர்த்து 2 ஆசிரியர்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது முதல் கட்டத்தில் இருந்தவை 1,545 பள்ளிகள்தான். அந்தப் பட்டியலில் எங்கள் பள்ளி இல்லை. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கிய விரிவாக்கத்தின்போதுதான் எங்கள் முறை வந்தது. ஆணை வந்த நாளிலிருந்து குழந்தைகளின் தட்டில் உணவு விழுந்த நாள் வரை நடந்தவற்றையும், தட்டிலிருந்து புத்தகத்துக்குப் போக எங்களுக்குப் பிடித்த இன்னும் நீண்ட காலத்தையும், இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதி வைக்கிறேன்.

அதற்கு முன்பு எங்கள் பள்ளியில் பசி இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். 1982 முதல் சத்துணவு நடக்கும் மாநிலம் இது. மதியம் சோறும் குழம்பும், வாரத்தில் 5 நாளும் முட்டையும் கிடைக்கின்றன. ஆனால் இரவு 7.30 மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கும் குழந்தைக்கு அந்த மதிய உணவு வருவதற்குள் 17 மணி நேரம் கடந்துவிடுகிறது என்ற சிறு கணக்கை, கணக்குப் பாடம் நடத்தும் நானே போட்டுப் பார்த்ததில்லை. நான்காம் வகுப்பில் ஒரு பையன் தினமும் பத்தரை மணிவாக்கில் வயிறு வலிக்கிறது என்பான். தண்ணீர் குடிக்கச் சொல்லுவேன். ஒருநாள், "கணக்கு என்றால்தான் உனக்கு வயிறு வலிக்கும்" என்று வகுப்பின் முன்னால் சொல்லி, எல்லாரும் சிரிக்க, நானும் சிரித்தேன்.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், காலை உணவுக்கான முன்னேற்பாடாக, யார் யார் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள் என்று வகுப்பில் கேட்டேன். 43 கைகளும் உயர்ந்தன. மறுநாள் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்காமல், "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டேன். டீ என்றார்கள், டீயும் பொறையும் என்றார்கள், ஒரு சிறுமி மேலே பார்த்து யோசித்துவிட்டு, நேற்று இரவு சாப்பிட்டதைச் சொன்னாள். பாதிக்கும் மேற்பட்டவர்களின் வயிற்றில் சமைத்த உணவு எதுவும் இல்லை. இதில் பெற்றோரைக் குறை சொல்ல எதுவும் கிடையாது. நடவுக்குப் போகும் ஒரு தாய் என்னிடம் சொன்னது இதுதான்: "ஆறு மணிக்கெல்லாம் வயலுக்குப் போயிடுவேன் டீச்சர். ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வச்சிட்டுப் போறேன். சாப்பிட்டானா இல்லையான்னு சாயந்தரம் பானையைத் திறந்து பார்த்தாத்தான் தெரியும்." அவர் அந்த வயிற்றுவலிப் பையனின் அம்மா.

ஆணை வந்த பிறகு சமையலைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டேன். அதில் ஒரு சிக்கலும் வரவில்லை. கிராமப் பகுதிகளில் இந்தச் சமையலை மகளிர் சுயஉதவிக் குழுவினர் செய்கிறார்கள். அதிலும் தம் பிள்ளை அதே பள்ளியில் படிக்கும் தாய்மாருக்கே அந்த வாய்ப்புப் போகிறது. ஒரு குழந்தைக்கு இவ்வளவு தானியம், இவ்வளவு பருப்பு என்று அளவு உண்டு. சாம்பாரில் அந்தந்தப் பகுதியில் விளையும் காய்கறி சேர வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா; பயிற்சி முடிந்து வந்ததும் உப்புமாவைக் கட்டி தட்டாமல் கிளறிக் காட்டி என் பயத்தைப் போக்கினார்.

உண்மையான தொல்லை சாவியில் இருந்தது. 8.15 மணிக்குப் பரிமாற வேண்டும் என்றால் 6 மணிக்கு அடுப்பு பற்ற வேண்டும். சமையல் கூடத்தின் சாவியோ, ஒன்பது மணிக்கு வரும் சத்துணவுப் பொறுப்பாளரிடம் இருந்தது. பல ஆண்டுகளாகத் தன் பொறுப்பில் இருந்த கூடத்தையும் பாத்திரங்களையும் புதிதாக வந்த ஒருவரிடம் திறந்துவிட அவருக்கு மனம் வரவில்லை. கணக்கில் ஏதாவது குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்பதால் அந்தத் தயக்கத்திலும் நியாயம் இருந்தது. இதைச் சுற்றறிக்கையால் தீர்க்க முடியாது. இரண்டு சாவிகள் செய்தோம். அலமாரியை நடுவில் பிரித்தோம். காலைப் பாத்திரங்களின் விளிம்பில் சிவப்பு வண்ணத்தில் கோடு போட்டோம். ஒரு வாரத்துக்குப் பிறகு சத்துணவுப் பொறுப்பாளரே, காலைச் சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று யோசனை சொல்லத் தொடங்கியிருந்தார்.

சமையல் தொடங்கிய நேரத்தையும் பரிமாறிய நேரத்தையும் கைப்பேசிச் செயலியில் பதிய வேண்டும். எங்கள் கூடத்தில் சிக்னல் கிடைக்காது. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது வாய்க்கால் மதகு வரை ஓடி, பதிந்துவிட்டுத் திரும்பி ஓடி வரும் அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகு, அவருடைய கைப்பேசியை மதகுக்குக் கொண்டுபோகும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். பேருந்து அந்த வழியாகத்தான் வருகிறது என்பதால் எனக்கு அதில் பெரிய சிரமம் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சமைப்பவர் எந்தத் தெரு என்று விசாரித்துக்கொண்டு இரண்டு வீட்டார் வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டிலேயே சாப்பிட்டுவிடுவார்கள் என்றார்கள். நான் விவாதிக்கவில்லை. சமையலர் மாற்றப்பட மாட்டார் என்பதை மட்டும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியை அருகில் வைத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னேன். நாங்கள் இருவரும் தினமும் குழந்தைகளின் வரிசையில் உட்கார்ந்து அதே உணவைச் சாப்பிட்டோம். ஒரு வீட்டுப் பையன் இரண்டாவது வாரமே தட்டோடு வந்து நின்றான். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தானா என்று நான் கேட்கவில்லை. மற்றொரு வீட்டுக் குழந்தை அந்த ஆண்டு முடியும் வரை சாப்பிடவே இல்லை.

அக்டோபருக்குள் கண்ணுக்குத் தெரிந்த மாற்றங்கள் வந்துவிட்டன. ஒன்பதரைக்கு மேல் ஒவ்வொருவராக வந்தவர்கள் எட்டு மணிக்கே வாசலில் நின்றார்கள். பத்தரை மணி வயிற்றுவலி நின்றுபோனது. நான் எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது: திங்கட்கிழமை பாத்திரம் வழித்து எடுத்தாற்போல் காலியாகும், வெள்ளிக்கிழமை சற்று மிஞ்சும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் எப்படிப் போயின என்பதைப் பானை சொல்லிவிடுகிறது.

ஆனால் வாசிப்பில் ஒன்றும் நகரவில்லை. அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறோம். ஜூனில் வெறும் வயிற்றோடு வந்தவர்களின் பட்டியலையும் அரும்பு நிலைப் பட்டியலையும் அருகருகே வைத்தபோது அரும்பில் இருந்த பெரும்பாலான பெயர்கள் மற்றதிலும் இருந்தன. ஆகவே வயிறு நிறைந்தால் வாசிப்பும் தானாக வந்துவிடும் என்று நம்பினேன். அரையாண்டுத் தேர்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. யோசித்துப் பார்த்தால், அந்த நான்காம் வகுப்புப் பையன் 2020இல் முதல் வகுப்பில் சேர்ந்தவன். பெருந்தொற்றுக்குப் பின் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அவன் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தான். எழுத்து கற்றுத்தரும் ஆண்டு அவனுக்கு நடக்கவே இல்லை. அதைக் கிச்சடியால் ஈடுசெய்ய முடியாது. மாறாக, வீட்டில் நன்றாகச் சாப்பிட்டு வந்தும் அரும்பிலேயே இருந்த ஒரு சிறுமிக்குத் தேவைப்பட்டது மூக்குக்கண்ணாடி. அவளுடைய பார்வைக் குறைவை நான் கவனிக்கவில்லை என்பது தனிக்கதை.

பெருந்தொற்றில் விடுபட்ட கற்றலுக்கான இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர் ஒருவர் மாலையில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பிள்ளைகள் களைத்திருக்கிறார்கள், மறுபடியும் பசித்திருக்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். அப்படியானால் அவர்கள் வயிறு நிறைந்து தெளிவாக இருக்கும் நேரம் எது? 8.50க்கு உணவு முடிகிறது, 9.10க்கு வழிபாட்டுக் கூட்டம். கை கழுவுவதிலும் ஓடிப்பிடிப்பதிலும் போய்க்கொண்டிருந்த அந்த 20 நிமிடத்தை 2024 ஜனவரியிலிருந்து அரும்பு நிலைக் குழந்தைகளுக்கு ஒதுக்கினோம். மற்றவர்கள் விளையாடுவார்கள், எங்கள் இருவரிடமும் ஆளுக்கு ஐந்தாறு பேர்.

பாடநூலை எடுத்தாலே அந்தப் பையன் தலையைக் குனிந்துகொள்வான். கூடத்தின் வெளிச்சுவரில் அன்றைய உணவை எழுதும் பலகையை வாசிக்கச் சொன்னேன். "பொக" என்றான். சாம்பார் அவன் வாயில் "சாபா" ஆனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் எல்லாவற்றிலும் ஒற்றெழுத்து இருக்கிறது, அவன் புள்ளி வைத்த எழுத்துகளை எல்லாம் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தான். "சாம்பார் என்று மெதுவாகச் சொல், நடுவில் உதடு மூடுகிறதா?" என்று கேட்டேன். விரலை உதட்டில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தான். "மூடுது டீச்சர்." அந்த மூடல்தான் அந்தப் புள்ளி என்று பலகையில் காட்டினேன். பொங்கலுக்கு நடுவில் உதடு மூடுவதில்லை, சத்தம் மூக்கால் போகிறது என்பதை அடுத்த புதன்கிழமை அவனே வந்து சொன்னான். நான்கு சொற்களிலேயே ஏறக்குறைய ஒரு மாதம் போயிற்று. அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. பிப்ரவரி இறுதியில் பலகையில் எழுதும் வேலை அவனிடம் வந்தபோது, ஒவ்வொரு புள்ளியையும் சுண்டைக்காய் அளவுக்கு வைத்தான்.

ஏப்ரலில் அரும்பிலிருந்து பெரும்பாலோர் மேலேறியிருந்தார்கள். இருவர் அங்கேயே இருந்தார்கள், அடுத்த ஆண்டும் அந்த 20 நிமிடம் அவர்களுக்கானது. சமையலரின் மகள் ஆறாம் வகுப்புக்காக வேறு பள்ளிக்குப் போனாள். ஆகவே அவரும் விடைபெற வேண்டியதாயிற்று. ஜூனில் பொறுப்பேற்ற புதியவரிடம் சாவியோடு ஒரு நாற்பது பக்க நோட்டையும் கொடுத்தார். கேஸ் எத்தனை நாளைக்கு வரும், எந்தக் கடைக்காரர் காய்கறியை நேரத்துக்குக் கொண்டுவருவார், எந்தக் குழந்தைக்குக் காரம் ஆகாது என்று வரிசையாக எழுதியிருந்தது. முதல் பக்கத்தின் மேலே, அடிக்கோடிட்டு: "வெள்ளி 2 கை குறைச்சுப் போடவும். திங்கள் 2 கை கூட."