பெயர் எழுதக் கற்ற அறை

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வாக்காளராகப் பதிவு செய்யப் போகிறவர் தன் வயதை ஆண்டு, மாதம், நாள் எனக் கணக்கிட்டு எழுத வேண்டும் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. ஒரு நாள் பிசகினாலும் விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம். அதே பிழை வெள்ளையரின் படிவத்தில் இருந்தால் அலுவலர் கண்டுகொள்ள மாட்டார். 1896இல் அந்த மாநிலத்தில் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் இருந்தார்கள். 1898இல் இத்தகைய விதிகளோடு புதிய அரசியல் சட்டம் வந்தது. 1904இல் மிஞ்சியவர்கள் 1,342 பேர். இந்த அநீதியின் பெரும்பகுதி ஒரு மேசை மீது, பேனாவால் நடந்தது. அதனால் அதை எதிர்த்த வேலையும் மேசையிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

அப்படித் தொடங்கிய இடங்களில் முக்கியமானது தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவு. அங்கே பதிவு செய்ய மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் படித்தும் எழுதியும் காட்ட வேண்டும். இல்லையென்றால் 300 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும். 1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் 14 பேருடன் இரவு வகுப்பு ஆரம்பமானது. முன்னால் மளிகை வியாபாரம் நடந்ததால் வெளியார் கண்ணுக்கு உறுத்தவில்லை. வயலில் வேலை குறைந்த குளிர்காலம்; வாரம் இரண்டு இரவு, இரவுக்கு இரண்டு மணி நேரம்.

பாடம் நடத்திய பெர்னிஸ் ராபின்சன் ஆசிரியர் அல்லர், சிகை அலங்காரக் கலைஞர். ஏற்பாட்டாளர்களான செப்டிமா கிளார்க்கும் ஈசா ஜென்கின்ஸும் அவரைத் தேர்ந்தெடுத்ததில் நல்ல கணக்கு இருந்தது. அவருடைய வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள். எந்த வெள்ளை முதலாளியும் அவர் பிழைப்பில் கை வைக்க முடியாது. கிளார்க்கோ, கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கத்திலிருந்து விலக மறுத்ததற்காக 1956இல் ஆசிரியர் வேலையை இழந்தவர்.

ராபின்சன் முதலில் கொண்டுபோனவை குழந்தைகளின் பாடப் புத்தகங்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள் முன் அவற்றை விரிப்பது அவமதிப்பு என்று உடனே புரிந்தது. ஒதுக்கி வைத்துவிட்டு, என்ன கற்க வேண்டும் என்று அவர்களையே கேட்டார். தன் பெயரை எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், மணி ஆர்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆயிற்று. அட்டையில் பெயரை எழுதிக் கொடுத்து, கைக்குப் பழகும்வரை அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுத வைத்தார். மண்வெட்டி பிடித்த கை அழுத்தியதில் பென்சில் முறியும். முறிந்தால் இன்னொன்று கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இடத்தில் ஒருவர் கூசிப் போனால் அடுத்த வகுப்புக்கு வரமாட்டார். பெயர் வந்த பிறகுதான் அரசியல் சட்டத்தின் கடினச் சொற்கள். 1961க்குப் பிறகு இந்த முறை தென் மாநிலங்கள் முழுக்கப் பரவியது.

எழுத்து வந்தால் மட்டும் போதவில்லை. மிசிசிப்பியின் 1962 சட்டப்படி விண்ணப்பித்தவரின் பெயர் இரண்டு வாரம் உள்ளூர்ச் செய்தித்தாளில் வரும். நிலம் குத்தகைக்குக் கொடுத்தவரும் அதைப் படிப்பார். 1965 வாக்குரிமைச் சட்டம் அந்த எழுத்துத் தேர்வுகளை நிறுத்தி, மத்திய அரசின் பதிவு அலுவலர்களை அனுப்பியதும், மிசிசிப்பியில் 6.7 சதவீதமாக இருந்த கறுப்பினப் பதிவு இரண்டே ஆண்டில் 59.8 ஆனது. ஆர்வமில்லாதவர்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்லி வந்தது பொய் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்தச் சட்டத்தின்படி, வாக்களிப்பில் பாகுபாடு காட்டிய வரலாறுள்ள மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்தக் கடிவாளத்தைக் கழற்றியது. 2018இல் ஜார்ஜியாவில், படிவத்தில் உள்ள விவரம் அரசுப் பதிவேட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்ற விதியால் சுமார் 53,000 பதிவுகள் நிலுவையில் கிடந்தன. ஏறத்தாழ 70 சதவீதம் கறுப்பினத்தவருடையவை. காரணங்களில் பல அற்பமானவை: பெயரில் ஒரு ஹைஃபன் விடுபட்டிருக்கும், அல்லது ஒரு எழுத்து மாறியிருக்கும். அடுத்த ஆண்டு அந்த விதி தளர்ந்தாலும் பழைய பாடம் செல்லும். படிவம் நிரப்பும்போது ஓட்டுநர் உரிமத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுத வேண்டும். திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறியவர்களிடம் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். சில வாரம் கழித்துப் பட்டியலில் பெயர் ஏறியதா என்று பார்க்காவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது.

தேர்தல் நாளில் பெரிய இழப்பு வேறு இடத்தில் வருகிறது. ஜார்ஜியாவின் 2021 சட்டப்படி, தன்னுடையதல்லாத சாவடியில் மாலை 5 மணிக்கு முன் போடும் தற்காலிக வாக்குச்சீட்டு (தகுதியைப் பிறகு சரிபார்த்து எண்ணுவதற்காகத் தனியே வைக்கும் சீட்டு) எண்ணப்படாது. ஆகவே காலையில் தவறான இடத்துக்கு வந்தவரை அங்கேயே வாக்களிக்க விடாமல், சரியான சாவடியைத் தேடி அனுப்புவதே உதவி. அடையாள அட்டை இல்லாமல் தற்காலிகச் சீட்டு போட்டவருக்கு, அதைக் கொண்டுபோய்க் காட்ட மூன்று நாள் உண்டு என்பதை எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். இரவு 7 மணிக்குச் சாவடி மூடும்போது வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் வாக்களிக்க உரிமை உண்டு. 6.50க்கு நீண்ட வரிசையைப் பார்த்து வீடு திரும்ப நினைப்பவர்களிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.