நல்லூருக்குப் போகலாம்ப்பா

மார்ச் 3
அப்பாவின் பயாப்சிக்குச் சதை எடுத்தாயிற்று. பத்து நாள் ஆகுமாம். அப்பாவிடம் வயிற்றுப்புண் டெஸ்ட் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

மார்ச் 4
தூக்கமில்லை.

மார்ச் 6
ரசம் கேட்டார். வைத்துக் கொடுத்தால், "கடைப் புளி" என்று தள்ளிவிட்டார். கிருஷ்ணகிரியில் மரமேறிப் புளி உலுக்கிய ஆளுக்கு பெங்களூர் அல்சூர் மளிகைக் கடைப் புளி இறங்குமா? நாற்பது வருடமாக இதே புகார். பேச்சை மாற்ற நல்லூர் தோப்பைப் பற்றிச் சொன்னேன். இங்கேதான், தேவனஹள்ளிப் பக்கம். 54 ஏக்கர், ஏறக்குறைய 300 புளியமரம், சிலவற்றுக்கு 400 வயதுக்கு மேல். 2007-ல் நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள் என்றதும் தலையைத் தூக்கினார். "உலுக்குறது யாரு? குத்தகையா?"

மார்ச் 7
சோழர் காலத்துத் தோப்பு என்று அந்த ஊரில் சொல்வார்களாம். மருந்துக்கடை, லிஃப்ட், பக்கத்து வீடு என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார், ராஜேந்திரனே வந்து நட்டுவிட்டுப் போன மாதிரி.

மார்ச் 9
சொல்வதா, வேண்டாமா? தம்பி வேண்டாம் என்கிறான். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு போனில் சொல்வது சுலபம். மூன்று வேளையும் அந்த முகத்தைப் பார்ப்பது நான். அம்மாவிடமும் அப்படித்தான் மறைத்தோம். கடைசி வாரம் அவள் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை. அப்பா ஒன்றும் ஏமாளி இல்லை. புளியங்காயைத் தட்டிப் பார்த்தே உள்ளே சதை ஓட்டிலிருந்து பிரிந்துவிட்டதா இல்லையா என்று சொல்கிற ஆள். ஆஸ்பத்திரியில் நான் சிரித்த சிரிப்பைத் தட்டிப் பார்த்திருக்க மாட்டாரா?

மார்ச் 10
புளியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம்தான் என்றேன். "எவன் சொன்னான்?" சாயங்காலம் வரை பேச்சில்லை. ராத்திரி, பாதி இட்லியில் கையை நிறுத்தி: "அப்போ அதுக்கு முன்னாடி ரசம் எப்படி வெச்சாங்க?"

மார்ச் 12
போன் வரவில்லை.

மார்ச் 13
லேபுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு நல்லூர் போனேன். அடிமரமெல்லாம் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக் கிடக்கிறது. ஒரு மரத்துப் பொந்துக்குள் நானே நிற்கலாம். உள்ளே ஒன்றுமே இல்லை, மேலே காய் தொங்குகிறது. அப்பாவுக்கு ஒரு பழம் பொறுக்கக் குனிந்தேன். காப்பாற்றி வைத்திருக்கிற இடமாயிற்றே என்று கை வரவில்லை. இருட்டும்போது இலைகள் மடிய ஆரம்பித்தன. சின்ன வயதுப் பயம் வந்துவிட்டது, ஓடிவந்து பஸ் பிடித்தேன்.

மார்ச் 14
மூன்று மணிக்குப் போன். நாளை அப்பாவையும் கூட்டி வரச் சொல்கிறார்கள். நாளைக்கு வெளியே போகிறோம் என்று மட்டும் சொன்னேன். வெள்ளை வேட்டியை எடுத்து மடித்து வைத்திருக்கிறார். நல்லூருக்காம்.