அத்தையின் பேர் பதிஞ்ச துண்டு

போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை. இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் கடைசி அறை, எங்கள் தொங்கல் காம்பராவில் நானும் அப்பாவும் தகரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு ஒரு காகிதத்தைத் தேடினோம். தமிழ்நாட்டு முகாமில் இருக்கும் அத்தையின் பேர் பதிஞ்ச துண்டு.

அத்தை 1958-இல் இந்த லயத்தில் பிறந்தவர். அதற்குப் பத்து வருடம் முன்பே இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனங்களை நாடற்றவர்களாக்கிவிட்டது. 1977 கலவரத்துக்குப் பயந்து அத்தை தன் சித்தப்பா குடும்பத்தோடு வடக்கே வவுனியாவுக்குப் போனார். அப்பாயி தோட்டத்தை விட்டு அசையவில்லை. அப்பாவும் இங்கேயே தங்கிவிட்டார். வவுனியாவில் காடு வெட்டி நிலக்கடலை போட்டார்கள். 1990-இல் மறுபடி சண்டை. மன்னாரில் படகேறி ராமேஸ்வரம், மண்டபம், அப்புறம் திருச்சிப் பக்கத்து முகாம். அத்தையின் தாத்தா தேயிலைக்குப் புறப்பட்டு வந்ததும் அந்தப் பக்கத்திலிருந்துதான். அங்கேயே அத்தை இன்னும் அகதி.

எல்லோரையும் 'ஈழ அகதி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து போனவருக்குத் திரும்பி வர ஒரு காணியாவது, பழைய அடையாள அட்டையாவது இருக்கலாம். அத்தை கையில் ஒருநாளும் எந்த நாட்டு அட்டையும் இருந்ததில்லை. சில அண்டை நாட்டு அகதிகளுக்குக் குடியுரிமை தரும் இந்தியாவின் 2019 திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. இலங்கையில் 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக இருந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் 2003-இல் பிரஜாவுரிமை கொடுத்தார்கள். இந்தியாவுக்கு இடம்பெயர்ந்தவர்களையும் 2009-இல் சேர்த்தார்கள். சரி, இருந்ததற்கு அத்தாட்சி வேண்டுமே!

அப்பாயியின் பழைய சேலை மடிப்பில் இருந்தது. நாலாக மடித்த காகிதம், மடிப்பெல்லாம் அறுந்து, ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. அத்தையின் பெயர் அதில் 'ஆயி' என்று முடிகிறது. முகாம் பதிவில் 'அம்மாள்'. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். அப்பா அந்தக் காகிதத்தை மடியில் விரித்து, உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

படம் எடுத்து அனுப்பினேன். உடனே அத்தை கூப்பிட்டார். "அம்மா சேலையிலயா இருந்துச்சு?" என்று மூன்று முறை கேட்டார். அந்தச் சேலை என்ன நிறம் என்று கேட்டார். ஊதா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். முகாமில் அதிகாரிகள் தலை எண்ண வருவதற்கும் அத்தை அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்.

"நாளைக்குக் காலையில கூப்பிடாதம்மா," என்றார். "பெரட்டு இருக்கு."