டெஸ்க்கில் சிக்க வேண்டிய தேய்வழக்குகள்

“அதிவேகமாக வந்த கார் கட்டுப்பாட்டை இழந்து சாலையோரப் புளியமரத்தில் மோதியது. இதில் இருவர் சம்பவ இடத்திலேயே பரிதாபமாக உயிரிழந்தனர். இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது.” ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி எந்த மாவட்டப் பதிப்பிலும் இதைப் போட்டுவிடலாம். நிருபர் அனுப்பும் காப்பியை, அதாவது செய்திப் பிரதியை, டெஸ்க்கில் உட்கார்ந்து திருத்துபவர் சப்-எடிட்டர். ‘பரிதாபமாக’வை மட்டும் அடித்துவிட்டு அடுத்த காப்பிக்குப் போனால் அவர் பாதி வேலையைத்தான் செய்கிறார். இப்படித் திரும்பத் திரும்ப எழுதித் தேய்ந்த தொடர் நிற்கும் இடத்தில் பெரும்பாலும் நிருபர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கும்.

‘கட்டுப்பாட்டை இழந்து’ என்பதையே எடுத்துக்கொள்வோம். டயர் வெடித்ததா? ஓட்டுநர் கண்ணயர்ந்தாரா? குறுக்கே மாடு வந்ததா? வளைவில் எச்சரிக்கைப் பலகை இல்லையா? நான்கும் வெவ்வேறு செய்திகள். பலகை இல்லையென்றால் நெடுஞ்சாலைத் துறையிடம் பதில் கேட்க வேண்டும், அதே வளைவில் முன்பு நடந்த விபத்துகளையும் தேடி எடுக்க வேண்டும். ‘அதிவேகமாக’ என்று சொன்னது நேரில் பார்த்தவரா, போலீசாரா? ‘சம்பவ இடத்திலேயே’ என்பதும் சரிபார்க்க வேண்டிய தகவல்தான். மருத்துவமனைக்குப் போகும் வழியில் உயிர் பிரிந்திருந்தால், ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டாக வேண்டும்.

இந்தத் தொடர்களில் பல காவல் நிலையத்திலிருந்தே வருகின்றன. இன்ஸ்பெக்டர் போனில் சொல்லும் சுருக்கமும் எஃப்.ஐ.ஆர். நடையும் அப்படியே காப்பியில் இறங்கிவிடும். பல ஸ்டேஷன்களை ஒற்றை ஆளாகக் கவனிக்கும் பகுதிநேர நிருபரை இதற்காகக் கடிந்துகொள்வது நியாயமில்லை. டெஸ்க்தான் திரும்ப அழைத்துக் கேட்க வேண்டும். பக்கம் முடிக்கும் நேரத்தில் பதில் கிடைக்காவிட்டால், ‘விபத்துக்கான காரணத்தைப் போலீசார் தெரிவிக்கவில்லை’ என்று எழுதிவிட்டு, மறுநாள் வேலைப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

மழைச் செய்தியில் வேறொரு சிக்கல். ‘கனமழை வெளுத்து வாங்கியது’ என்று காப்பி வரும், அளவைப் பார்த்தால் 3 செ.மீ. இருக்கும். வானிலைத் துறைக் கணக்கில் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால்தான் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை, 21-ம் அதற்கு மேலும் அதி கனமழை. சாதாரண மழைக்கே பெரிய சொற்களைச் செலவழித்துவிட்டால், 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த 95 செ.மீ. மழைக்கு எந்தச் சொல்லைப் போடுவது? அந்த எண்ணை முதல் வரியில் வைத்தாலே போதும்.

அழகுக் குறைவோடு நிற்காமல் அநியாயமும் செய்கிற தேய்வழக்குகள் உண்டு. பின்தொடர்ந்து தொல்லை கொடுத்து, கடைசியில் கத்தியால் குத்தியவனின் குற்றத்தை ‘ஒருதலைக் காதல்’ என்று தலைப்பிட்டால், கொலைக்குக் காதல் என்று பெயர் வைத்ததாகிறது. ‘கள்ளக்காதல்’ அதைவிட மோசம். பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-லேயே ரத்து செய்துவிட்டது. தலைப்புகளோ கொல்லப்பட்ட பெண்ணுக்கே இன்னும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கின்றன. இந்த இரண்டையும் எந்தச் சூழலிலும் வெட்டிவிட வேண்டும்.

‘வழக்குப் பதிந்து விசாரிக்கின்றனர்’, ‘பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பி வைத்தனர்’ ஆகியவற்றில் கைவைக்க வேண்டாம். வாய்பாடுதான் என்றாலும் நடந்ததைச் சொல்கின்றன, வாசகரும் தடங்கலின்றிக் கடந்துபோவார். ‘வலைவீசித் தேடி வருகின்றனர்’ அப்படியல்ல. தனிப்படை அமைத்தார்களா, எத்தனை படைகள் என்று கேட்டு அதைப் போடலாம்.

பக்கத்துக்கு அனுப்புமுன் காப்பியில் இத்தகைய சொற்களைக் கணினியில் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். ‘பரபரப்பு’ என்று முழுச் சொல்லைத் தட்டினால் ‘பரபரப்பை’, ‘பரபரப்பான’ எல்லாம் தப்பிவிடும், ‘பரபர’ என்று தேட வேண்டும். அதேபோல ‘பரிதாப’, ‘அதிரடி’, ‘திடுக்கிடு’, ‘ஏற்படுத்தி’. லே-அவுட்டுக்கு யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு பயன்படுத்தும் அலுவலகங்களில் யூனிகோடிலிருந்து மாற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். மாற்றிய பிறகு யூனிகோடில் தட்டித் தேடினால் ஒன்றும் சிக்காது.