கேரேஜில் ஒரு கார்: கழற்றல், கோத்தல், 2.5 மில்லிமீட்டர்

9 மார்ச் 2024, சனி, லெஸ்டர், இங்கிலாந்து

டோனர் கார், அதாவது நான் கட்டப் போகும் காருக்குப் பாகங்கள் கொடுக்கும் பழைய கார், வந்து இறங்கிவிட்டது. 1999 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர் எஞ்சின். கதவுக்கு அடியில் ஓடும் சட்டத்தையும் பின்சக்கர வளைவையும் துரு தின்றுவிட்டதால் எம்ஓடி என்ற ஆண்டுச் சோதனையில் தேறவில்லை, அதனால் மலிவாகக் கிடைத்தது. எனக்குப் பாடி வேண்டாம். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹப், பிரேக், ஸ்டீயரிங் காலம், வயரிங் எல்லாம் இதிலிருந்து. சேஸி, அலுமினியத் தகடு, ஃபைபர் மூக்கு, மட்கார்டு எல்லாம் கிட்டிலிருந்து, அதாவது வீட்டிலேயே கோத்துக் கட்ட உதிரியாக விற்கும் தொகுப்பிலிருந்து. லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில் திறந்த இரண்டு சீட்டர் கார். எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டும் அமைப்பு செவனுக்கு வேண்டும். அப்படி இங்கே எளிதாகக் கிடைக்கும் பழைய கார்களில் இது ஒன்று.

நான் மருந்தாளுநர். சைக்கிள் பஞ்சர் ஒட்டியதோடு என் மெக்கானிக் அனுபவம் முடிந்தது.

"ஏங்க, இதுக்கு நல்லதா ஒரு காரே வாங்கியிருக்கலாமே" என்றாள் மனைவி. வாங்கியாச்சே, அதைத்தானே பிரிக்கப் போகிறேன் என்றேன். அப்புறம் பேச்சில்லை.

முதல் வேலையாக வி5சி பதிவுத்தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்தேன். புதுச் சேஸியோடு ஒரே டோனரின் பெரிய பாகங்கள் இரண்டாவது இருந்தால் டோனரின் வயதுக்கு ஏற்ற நம்பர் பிளேட் தருவார்கள். அதை நிரூபிக்க முடியாவிட்டால் 'கியூ' எழுத்தில் தொடங்கும் பிளேட். வண்டியின் பிறப்பு சந்தேகத்துக்குரியது என்று ஊருக்கே அறிவிக்கும் பிளேட் அது. எனக்கு வேண்டாம்.

24 மார்ச், ஞாயிறு

கழற்றல் ஆரம்பம். பேட்டரி இந்தக் காரில் டிக்கிக்குள் இருக்கிறது. அதன் இணைப்பைப் பிரித்துவிட்டு, ஏர்பேக்கில் மிச்ச மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, அப்புறம்தான் மஞ்சள் கனெக்டர்களைத் தொட்டேன். ஒவ்வொரு போல்ட்டும் ஜிப் வைத்த பையில். பையின் மேல் அது எங்கிருந்து வந்தது என்று தமிழில் எழுதி வைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, திருடன் வந்தாலும் ஒன்றும் புரியாது, நல்ல ஏற்பாடு என்றார். அவர் இளவயதில் இப்படி ஒரு கார் கட்டியவராம். இனி அடிக்கடி வருவார் போலிருக்கிறது.

இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். இத்தனை வருட உப்பு அடியில் செய்திருக்கும் வேலையைப் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். சக்கரத்தைத் தாங்கும் பின்பக்கக் கீழ் விஷ்போன் கையில் ஒரு நீள போல்ட், புஷ் என்ற ரப்பர் உறையின் உள்குழாயோடு ஒட்டிப்போய் ஒரே இரும்பாகிவிட்டது. துரு எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, கேஸ் விளக்கால் சூடு காட்டி, ஒரு மீட்டர் கம்பி போட்டு நெம்பியும் அசையவில்லை. கடைசியில் வாள் போட்டு அறுத்து எடுத்தேன். போல்ட்டும் புஷ்ஷும் புதிதாக வாங்க வேண்டும். இந்த வகைக் காரைக் கழற்றியவர்கள் எல்லாரும் முதலில் புலம்புவது இந்த போல்ட்டைப் பற்றித்தானாம்.

7 ஏப்ரல், ஞாயிறு

வாடகைக்கு எஞ்சின் கிரேன் எடுத்து எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகத் தூக்கினோம். பெரியவர் நெம்புகோல், நான் வழிகாட்டி. இந்தக் காரில் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீள அலுமினியச் சட்டம் பிணைத்து வைத்திருக்கிறது. என் கிட்டில் அது கிடையாது, இரண்டுக்கும் தனித்தனித் தாங்கி.

கிளட்சின் கீழ்ச் சிலிண்டர் கசிகிறது. பழைய ரப்பர். எஞ்சின் வெளியில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் இரண்டையும் மாற்றிவிடப் போகிறேன்.

28 ஏப்ரல்

மழை. கிரீஸ் துடைத்தேன்.

15 ஜூன், சனி

கிட் வந்துவிட்டது! சதுரக் குழாய்களை வெல்டிங் செய்து பவுடர் கோட்டிங் போட்ட சேஸி. இரண்டு பேர் தூக்கிவிடலாம். பெட்டிகளைப் பட்டியலோடு சரிபார்த்ததில் முன் மேல்விஷ்போன் ஒன்று குறைந்தது. போன் போட்டேன், அடுத்த வாரம் அனுப்புகிறார்களாம். கட்டும் விளக்கப் புத்தகம் ஒன்று இருக்கிறது. பாதி இடங்களில் "உங்கள் டோனருக்கு ஏற்றபடி பொருத்தவும்" என்று முடித்துவிடுகிறார்கள்.

விளக்கப் புத்தகம் பற்றி இங்கே ஒரு பழைய கதை சொல்வார்கள். 1957இல் கோலின் சாப்மன் லோட்டஸ் செவனை விற்க ஆரம்பித்தபோது முழுக் காருக்கு விற்பனை வரி உண்டு, உதிரியாக விற்றால் கிடையாது. ஆனால் கோர்க்கும் முறையை எழுதிக் கூடவே கொடுத்தால் வரி வந்துவிடும். அதனால் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்களாம், வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொள்வாராம். 1973இல் அந்த வரி போய் வாட் வந்ததும் சலுகை முடிந்தது. அதே ஆண்டு செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. வரிக்காகப் பிறந்த பழக்கம் வரி போன பிறகும் இந்த ஊரை விடவில்லை.

நம்ம ஊரில், இந்தியாவில், இதைச் செய்ய முடியுமா என்று நண்பன் கேட்டான். கட்டலாம், சாலைக்குக் கொண்டுவருவதுதான் பாடு. இருக்கும் வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதற்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். இங்கே 'தனி ஆள் கட்டிய வண்டி' என்று ஒரு வகையே உண்டு. அதற்கென்று ஐவிஏ என்ற சோதனையும் உண்டு. கட்டணம் 450 பவுண்டு.

10 ஆகஸ்ட், சனி

தகடு அடிக்கும் வேலை. இதற்கு எனக்கு ஒரு குரு இருக்கிறார், கரூரில்.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருந்தவர். எண்ணூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் அசோக் லேலண்டு சேஸி மொட்டையாக வரும். எஞ்சின், சக்கரம், ஸ்டீயரிங், டிரைவர் உட்கார ஒரு இருக்கை, அவ்வளவுதான். மேலே கூரையும் இல்லை, முன்னால் கண்ணாடியும் இல்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டி வருவார்கள். கரூரில் அதன் மேல் முழு பஸ் எழும்பும். என் சேஸியை வீடியோவில் காட்டியதும், "இதென்ன கண்ணு, தள்ளுவண்டியா?" என்றார். ஆனால் ரிவெட் பேச்சு வந்ததும் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஓரத்துல ஆரம்பிக்காதே. நடுவுல புடிச்சுட்டு ரெண்டு பக்கமும் போ. இல்லீன்னா தகடு வயிறு தள்ளும்."

அப்படியே செய்தேன். தகட்டை இடத்தில் வைத்து, துளை போட்டு, தற்காலிகப் பின் மாட்டி, கழற்றி, பிசிறு எடுத்து, குழாயின் மேல் பாலியூரித்தேன் பசை ஓட்டி, திரும்ப வைத்து, நடுவிலிருந்து ரிவெட். பசை ஒட்டுவதற்கு மட்டும் இல்லை. அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டு நடுவில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். நடுத்தகடு பலகை மாதிரி நிற்கிறது. அப்பா விரலால் தட்டச் சொல்லி போனிலேயே சத்தம் கேட்டார். "பரவால்ல" என்றார். அவரிடமிருந்து இது பெரிய சான்றிதழ்.

1 செப்டம்பர், ஞாயிறு

சஸ்பென்ஷன் மாட்டியாச்சு. ஆனால் புஷ் போல்ட்டுகளை இன்னும் முறுக்கவில்லை. ரப்பர் புஷ்ஷில் உள்குழாயும் ரப்பரும் ஒட்டியே இருக்கும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கி உட்காரும்போது ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். காரைத் தரையில் நிறுத்தி, ஓட்டுபவர் எடையும் ஏற்றி, அப்புறம்தான் இறுக்க வேண்டும். எடைக்கு எதை வைப்பது என்று யோசித்தபோது மனைவியே வழி சொன்னாள். தமிழ்க் கடையில் 20 கிலோ அரிசி மூட்டைகள். எஞ்சின் ஏறிய பிறகு இந்த வேலை. மூட்டை மேல் கிரீஸ் படக்கூடாது என்று உத்தரவு.

12 அக்டோபர், சனி

பிரேக் குழாய். இந்த வேலையில் மட்டும் அவசரமே கூடாது என்று தனியாக வைத்திருந்தேன். 3/16 அங்குலச் செம்பு-நிக்கல் குழாய், பத்து மில்லிமீட்டர் நட். குழாயின் முனையை எப்படி விரிப்பது என்பதில்தான் சூட்சுமம். ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலும் குமிழ் வடிவம், ஜப்பானியக் கார்களில் உள்ளே மடித்த இரட்டை விரிப்பு. நட்டின் மரை இரண்டுக்கும் ஒன்றே, அதனால் தப்பான முனையும் சமர்த்தாக ஏறிவிடும். அழுத்தம் வந்த பிறகு கசியும். மிச்சக் குழாய்த் துண்டுகளில் பயிற்சி எடுத்த பிறகே காரைத் தொட்டேன்.

பிரேக் பேடை அழுத்தும் பின் கேலிப்பரில் கைபிரேக் சரிசெய்ய, பின்னால் ஒரு மூடி போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றி உள்ளே ஆலன் கீ விட்டு, பேட் டிஸ்க்கைப் பிடிக்கும்வரை திருகி, மூன்றில் ஒரு சுற்று பின்னால் வர வேண்டும். இதைத் தெரியாமல் நல்ல கேலிப்பரைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய என்கிறார் பெரியவர்.

17 நவம்பர், ஞாயிறு

எஞ்சின் உள்ளே இறங்கியது. வயரிங் தொடக்கம். டோனரின் வயர் கட்டிலிருந்து மின்கண்ணாடி, ஏர்பேக், ரேடியோ வகையறாவை எல்லாம் உருவி எடுத்தால் மிச்சம் பாதிகூட இல்லை. எர்த் கம்பி வரும் இடங்களில் பவுடர் கோட்டிங்கைச் சுரண்டி இரும்பைத் தெரியவைத்தேன். அந்தப் பூச்சு மின்சாரத்தை விடாது.

8 டிசம்பர்

கேரேஜில் குளிர் மூன்று டிகிரி. பசை காயாது, விரல் மடங்காது. வசந்தம்வரை சில்லறை வேலைகள்.

1 பிப்ரவரி 2025, சனி

ஓடிவிட்டது!

முதலில் பிளக்கையெல்லாம் கழற்றி, இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் இணைப்புகளை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டேன். இத்தனை மாதம் காய்ந்து கிடந்த எஞ்சினுக்கு எண்ணெய் ஏறாமல் தீ வைக்கக்கூடாது. அப்புறம் எல்லாம் மாட்டி, சாவியைத் திருப்பினால் ஒரு இருமல், இன்னொரு இருமல், பிடித்துக்கொண்டது. கேரேஜ் முழுக்கப் புகை. மனைவி மாடி ஜன்னலைச் சாத்தும் சத்தம் எஞ்சினை மீறிக் கேட்டது. அப்பாவுக்கு வீடியோ போட்டேன். "கூரை எப்போ போடுவே?" கூரை கிடையாதுப்பா என்றதும், "அப்போ துண்டு எடுத்து வெச்சுக்க கண்ணு."

2 மார்ச், ஞாயிறு

ஐவிஏ கையேடு இப்போது தலைமாட்டில். இதைத் திட்டாத கிட் கார்க்காரர் இல்லை. எனக்கோ, கிட்டோடு வந்த புத்தகத்தைவிட இதுதான் உருப்படியான கட்டும் விளக்கம் என்று படுகிறது. காரணமில்லாத வரி அதில் மிகக் குறைவு. மாதிரிக்குச் சில: பின்பக்கப் பனிவிளக்கு நடுவில் அல்லது வலப்பக்கம் இருக்க வேண்டும், முன்விளக்கு எரியாமல் அது மட்டும் எரியக்கூடாது. பிரேக் பிடித்தால் முன்சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும், பின்சக்கரம் முந்தினால் கார் சுழன்றுவிடும். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது.

எல்லாரையும் படுத்துவது விளிம்பு விதி. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து, பெரிய மாதுளை அளவு, காரின் வெளிப்புறத்தில் எங்கெல்லாம் தொடுமோ அங்கெல்லாம் விளிம்பின் வளைவு ஆரம் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மோதப்படுகிற ஆளின் தோலுக்காக. செவன் வகைக் காரில் சக்கரமும் விஷ்போனும் வெளியே தெரிவதால் தொடும் இடம் ஏராளம். ஒவ்வொரு நட்டுக்கும் பிளாஸ்டிக் தொப்பி, ஒவ்வொரு தகட்டு ஓரத்துக்கும் ரப்பர் விளிம்பு.

ஸ்டீயரிங்கை வளைத்துவிட்டுத் தளர்த்தினால் தானே நேராக முனைய வேண்டும் என்பது இன்னொன்று. டோனர் கார் ஒரு டன்னுக்கு மேல். அதன் எடைக்கு அமைந்த முன்பாகங்கள் இந்த இலகுவான காரில் சோம்பல்படுகின்றன. மேல்விஷ்போனைப் பின்னால் நகர்த்திக் கேஸ்டர் கோணத்தை, அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாயும் கோணத்தை, கூட்டியதும் சரியானது.

27 மார்ச், வியாழன்

சோதனை நாள். டிரெய்லரில் கொண்டுபோனோம். சோதகர் காலை முழுக்க டார்ச்சும் பந்துமாகக் காரைச் சுற்றினார். பிரேக், புகை, சத்தம், வேகமானி, ஸ்டீயரிங் எல்லாம் தேறின. விழுந்தது ஒரே இடத்தில்: பின்னால் பார்க்கும் வலது பக்கக் கண்ணாடியின் தண்டு. கண்ணாடியில் இ-மார்க் என்ற ஒப்புதல் முத்திரை உண்டு, ஆனால் தண்டின் அடிவிளிம்பு ஆரம் பத்தாது. இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது என்று அளந்தே காட்டினார். கோபமே வரவில்லை. அவர் சொன்னது சரி.

19 ஏப்ரல், சனி

மறுசோதனையில் தேறிவிட்டது. வேறு கண்ணாடி, உருண்டைத் தண்டு. ஒப்புதல் சான்றிதழ், வி5சி, விண்ணப்பப் படிவங்கள், காப்பீடு, ரசீதுகள், கட்டும்போது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஸ்வான்சீயில் உள்ள வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியாச்சு. நம்பர் வர வாரக்கணக்கில் ஆகலாம்.

சோதனை முடிந்ததும் ரப்பர் விளிம்பையும் தொப்பிகளையும் உருவி எறிவதுதான் இங்கே வழக்கம். பெரியவர் ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டார், அது இருந்தால் கார் அழகாயில்லையாம். நான் எடுக்கப் போவதில்லை. எங்கள் தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். டீ கொடுத்து உட்கார வைத்தேன். அப்போதும் டாஷ்போர்டு ரப்பரைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டேதான் இருந்தார்.

நாளைக்கு ஆயில் மாற்றம், விஷ்போன் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரென்ச்சால் சரிபார்த்தல். அரிசி மூட்டைகள் சமையலறைக்குத் திரும்பிவிட்டன, வேறு எடை பார்க்க வேண்டும்.