ஆல் வீல் டிரைவ் வண்டியில் வந்து வந்து போகும் உறுமல்: தேடிப் பிடித்த குறிப்புகள்

வண்டி கைமாறி வந்தது, ஓட்டம் 1,12,000 கி.மீ. எஞ்சின் முன்னால் குறுக்குவாட்டில். அதன் ஓரமாக விசையைப் பின்பக்கத்துக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அங்கிருந்து விசையைப் பின்னால் கொண்டுபோகும் இரண்டு துண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் நடுவைத் தாங்கித் தொங்கும் சென்டர் பேரிங், விசையை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரிக்கும் பின் டிஃபரன்ஷியல், அதற்கு முன்னால் மின்சாரத்தில் பிடிக்கும் கிளட்ச் கப்ளிங். டயர் 215/65 ஆர்16.

குறை இதுதான். 55-லிருந்து 70 வேகத்துக்குள், ஆக்சிலரேட்டரில் கால் பட்டும் படாமலும் இருக்கும்போது, பானைக்குள் மாட்டிய வண்டு மாதிரி ஓர் உறுமல். காலையில் எடுத்தவுடன் வராது. இருபது நிமிஷம் ஓடிய பிறகு வரும், பத்து நிமிஷம் இருக்கும், போய்விடும். யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டலாம் என்றால் வாயே திறக்காது.

முதல் சுற்று: கழற்றாமல் பார்த்தது

விட்டுவிட்டு வரும் சத்தத்துக்குக் காதை நம்பக்கூடாது, நோட்டை நம்ப வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் வேகம், கியர், கால் அழுத்தம், வளைவா நேரா, கிளம்பி எத்தனை நிமிஷம் என ஐந்தையும் குறித்தது. ஒரு ஓட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

60-ல் ஒரு கியர் குறைத்தபோது எஞ்சின் சுற்று ஏறியது, உறுமலின் சுருதி ஏறவில்லை. ஆக எஞ்சினும் கியர் பாக்ஸின் உள்பக்க ஷாஃப்டும் கணக்கில் இல்லை. அதே வேகத்தில் நியூட்ரலில் போட்டு உருளவிட்டும் சத்தம் நிற்கவில்லை. மிச்சம் இருப்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற சாமான்கள்: டயர், வீல் பேரிங், ஆக்சில் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், புரொப்பல்லர் ஷாஃப்ட். நியூட்ரலில் போட்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட் நின்றுவிடும் என்று பலர் நினைப்பது தப்பு. முன் சக்கரங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸ் வழியாக அதைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்து வளைத்து ஓட்டும் சோதனை. காலியான அகலமான இடத்தில் இடமும் வலமும் மெதுவாக வளைக்க வேண்டும். வலப்பக்கம் வளைத்தால் எடை இடது சக்கரத்தில் ஏறும். இடது பேரிங் கெட்டிருந்தால் பெரும்பாலும் அப்போது கூடும், மறுபக்கம் வளைத்தால் குறையும். இங்கே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொஞ்சம் குறைந்தது. இதைத்தான் அந்த நேரத்தில் சரியாகப் படிக்கவில்லை. வலது வளைவில் மட்டும் காது கொடுத்துக் கேட்டு, பின் வீல் பேரிங் என்று முடிவுகட்டும் அளவுக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாறுகிற சத்தம் ஒரு சக்கரத்துடையதாக இருப்பது அபூர்வம். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓடுவதால் கப்ளிங் கொஞ்சம் இழுபடும், ஷாஃப்டில் முறுக்கு ஏறும். அது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான்.

டயர்

முன் டயரில் பட்டன் ஆழம் 5 மி.மீ., பின் டயரில் 7 மி.மீ. சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆழத்தில் 1 மி.மீ. என்றால் சுற்றளவில் 6.28 மி.மீ.; 2 மி.மீ.-க்கு ஏறக்குறைய 12.6. சுபாரு தன் ஆல் வீல் டிரைவ் வண்டிகளில் நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது 6.4 மி.மீ.-க்குள் இருக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் இந்த வண்டி எல்லை தாண்டியது. வண்டி நேராகப் போகும்போதும் முன்னும் பின்னும் சுற்று ஒத்துப்போகாது, கப்ளிங் சும்மா தேய்ந்துகொண்டே இருக்கும்.

காற்று அளவைச் சரிபார்த்து, முன் டயரைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டியது. சத்தம் இடம் மாறவில்லை. வழவழப்பான தாரிலும் கரடான சாலையிலும் சுருதி ஒன்றேதான். டயர் சத்தம் என்றால் சாலை மாறும்போது குரலும் மாறும். டயர் குற்றவாளி இல்லை என்று எழுதினாலும், நான்கும் ஒரே தேய்மானத்தில் வேண்டும் என்பதைத் தனி வேலையாகக் குறித்துக்கொண்டது.

தூக்கி நிறுத்தி

ஆல் வீல் டிரைவை இரண்டு சக்கரம் மட்டும் தூக்கி ஓட்டக்கூடாது. கப்ளிங் திடீரெனப் பிடித்தால் தரையில் உள்ள சக்கரங்கள் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும். நான்கு ஸ்டாண்டும் வேண்டும். பாடியில் மட்டும் தாங்கினால் சஸ்பென்ஷன் முழுக்கத் தொங்கி, ஆக்சில் ஷாஃப்டின் மடங்கும் மூட்டான சிவி ஜாயிண்ட் மட்டுமீறி மடங்கி, இல்லாத சத்தமெல்லாம் போடும். அதனால் கீழ் ஆர்மைத் தாங்கி, சக்கரம் சாலையில் இருக்கும் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்துவிட்டு 50-க்குள் ஓட்ட வேண்டும். ஓடும்போது அடியில் யாரும் போகக்கூடாது.

ஓடியது, சத்தமே வரவில்லை. சுமையும் இல்லை, சூடும் இல்லை. எஞ்சினை நிறுத்திய பிறகு கையால் பார்த்ததில் கொஞ்சம் உபயோகம் இருந்தது. சக்கரத்தை மேல்கீழாகப் பிடித்து ஆட்டியதில் ஆட்டம் இல்லை. ஸ்பிரிங்கைத் தொட்டபடி சக்கரத்தைச் சுற்றினால் கெட்ட வீல் பேரிங்கின் கொரகொரப்பு விரலுக்குத் தெரியும், நான்கிலும் தெரியவில்லை. பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகட்டில் கல் மாட்டவில்லை. புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டுகளான யூ ஜாயிண்டுகளின் மூடியைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் இல்லை. இருந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசிகள் துருவாகிவிட்டன என்று அர்த்தம்.

பின் டிஃபரன்ஷியல் எண்ணெயையும் இறக்கிப் பார்த்தது. எப்போதும் நிரப்பும் பிளக்கை முதலில் திறக்க வேண்டும். இறக்கிய பிறகு அது திறக்காமல் இறுகியிருந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். காந்தப் பிளக்கில் சாம்பல் நிறச் சேறு மெல்லியதாக ஒட்டியிருந்தது. அது சகஜம். நகத்தில் மாட்டுகிற சில்லு ஒன்றுகூட இல்லை. மேனுவல் சொன்னபடி ஜி.எல்-5 தர, 75டபிள்யூ-90 கியர் எண்ணெய் திரும்ப நிரப்பியது. கப்ளிங்குக்கு எண்ணெய் வேறு. ஒன்றை ஒன்றில் ஊற்றினால் கிளட்ச் நடுங்கத் தொடங்கும்.

எண்ணிப் பார்த்தது

இங்கேதான் வேலை திரும்பியது. டயரின் விட்டம் 686 மி.மீ.; எடையில் அமுங்குவதைக் கழித்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.09 மீட்டர் ஓடும். 60 வேகம் என்றால் நொடிக்கு 16.67 மீட்டர், அதாவது சக்கரம் நொடிக்கு 8 சுற்று. பின் டிஃபரன்ஷியலில் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் 41 பல், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன் 14 பல், விகிதம் 2.93. புரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 23.4 சுற்று.

மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். 125 மில்லி செகண்டுக்கு ஒருமுறை துடித்தால் அது சக்கரமோ ஆக்சிலோ. 43 மில்லி செகண்டுக்கு ஒருமுறை என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட். கிரவுன் வீலும் பினியனும் கடிக்கும் பல் சத்தம் என்றால் 8 × 41, நொடிக்கு 328. அது உறுமலாக இராது, ஊளையாக இருக்கும்.

பிடிக்கப் பயன்பட்டது அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ வில்லைகள் நான்கு. சாதாரண மைக் காற்றிரைச்சலையும் சேர்த்து வாங்கும். பீசோ தான் ஒட்டியிருக்கும் இரும்பின் அதிர்வை மட்டும் கேட்கும். இரண்டு பின் நக்கிள் (சக்கர பேரிங்கைத் தாங்கும் பாகம்), டிஃபரன்ஷியல் கூடு, சென்டர் பேரிங் பிராக்கெட் என நான்கு இடம். பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். ஒயரை சைலன்சரும் ஷாஃப்டும் படாமல் கட்டுவதுதான் பாதி வேலை. நான்கையும் ஒரே நேரத்தில் பதிந்து 40 நிமிஷம் ஓட்டியது.

22-வது நிமிஷத்தில் வந்தது. பதிவின் நான்கு கோட்டிலும் தெரிந்தாலும் பிராக்கெட் கோடு மற்றவற்றைவிடத் தெளிவாகப் பெரிது. பெரிதாக்கிப் பார்த்தால் 43 மில்லி செகண்ட் இடைவெளியில் ஏறி இறங்கும் அலை, அதற்குள் நொடிக்கு 84 என்ற மெல்லிய துடிப்பு. ஒன்பது உருண்டைப் பேரிங்கில் நிலையாக நிற்கும் வெளி வளையத்தில் காயம் இருந்தால் வரக்கூடிய எண், ஏறத்தாழ சுற்று × உருண்டை எண்ணிக்கை × 0.4. போட்டுப் பார்த்தால் 23.4 × 9 × 0.4 = 84. காதுக்கு உடம்பெல்லாம் ஒலித்த சத்தம், தாளில் ஒரே இடத்தைக் காட்டியது.

ஷாஃப்டைக் கழற்றி

உறுதிப்படுத்த ஷாஃப்ட் இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் எல்லா வண்டியிலும் முடியாது. நடுவில் பூட்டாத டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் விசை முழுக்கச் சும்மா சுற்றும் பக்கமே போய்விடும், வண்டி நகராது. முனை நேராக டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் சொருகியிருந்தால் எண்ணெய் கொட்டும். இதில் இரண்டு முனையும் போல்ட்டில் மாட்டும் தட்டு, அதாவது ஃபிளேஞ்ச். கப்ளிங் கனெக்டரையும் கழற்றியதால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டி முன் சக்கரத்தில் ஓடியது. 40 கி.மீ.-யில் சத்தம் இல்லை.

கழற்றும் முன் முன்முனை, பின்முனை, நடு இணைப்பு மூன்றிலும் பெயின்ட் கோடு போட வேண்டும். நடு இணைப்பின் கோடு தப்பினால் இரண்டு துண்டும் கோணம் மாறிச் சேர்ந்து, புது பேரிங் போட்டும் வண்டி நடுங்கும். பிராக்கெட்டுக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருந்தன. எந்தப் பக்கம் எத்தனை என்று போட்டோ எடுத்துவைத்தது.

மேஜையில் வைத்துச் சுற்றினால் பேரிங் வெண்ணெயாகச் சுற்றியது. இங்கேதான் பலர் ஏமாந்து அதையே திரும்ப மாட்டுவார்கள். ஹாட் ஏர் கன்னில் கைபொறுக்காத சூடு வரை, 65 டிகிரி போல, ஏற்றிவிட்டுச் சுற்றியபோது மணல் அரைபடுகிற மாதிரி கொரகொரவென்றது. குளிரில் கெட்டியாக இருந்த பழைய கிரீஸ் காயத்தை மூடிவைத்திருந்தது. சைலன்சர் குழாய் ஒரு சாண் தூரத்தில். இருபது நிமிஷம் என்பது அந்தச் சூடு பேரிங்குக்கு வந்து சேரும் நேரம். சுற்றியிருந்த ரப்பரிலும் சைலன்சர் பக்கம் மட்டும் வெடிப்பு.

போட்டது

பழையதைப் புல்லர் போட்டு இழுத்தது. புதியதை உள் வளையத்தில் மட்டும் அழுத்தி ஏற்ற வேண்டும். வெளி வளையத்தில் அடித்தால் உருண்டை பதிந்து, புதுப் பேரிங்கே முதல் நாளில் உறுமும். நடு நட்டு ஒருமுறைக்கானது, புதிது. பிராக்கெட் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, இரண்டு முனை ஃபிளேஞ்சையும் மேனுவல் அளவுக்கு இறுக்கி, ரப்பர் முன்னோ பின்னோ இழுபடாமல் நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பிராக்கெட்டை இறுக்க வேண்டும். தகடுகள் பழைய இடத்திலேயே.

அதே சாலையில், பீசோவோடு இரண்டு ஓட்டம். 45-வது நிமிஷத்திலும் பிராக்கெட் கோடு தட்டை. 300 கி.மீ. கழித்து போல்ட் இறுக்கம் சரிபார்த்தது, அசையவில்லை.

மிச்சம்: ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது அடியில் ஒரு மெல்லிய டக். டிஃபரன்ஷியலைத் தாங்கும் பின் ரப்பர் புஷ் மேல் சந்தேகம். டயர் நான்கையும் ஒரே செட்டாக மாற்றிய பிறகுதான் அதைத் தொடுவது.